இருவாச்சிக்கு இறக்கை கட்ட யாரிடம் கேட்பது?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு நண்பர் வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு, மூன்று சனிக்கிழமையாகக் கூடிக்கொண்டிருக்கிறோம். ஆறு பேர். கையில் இருப்பது உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் எழுதிய 40 பக்கச் சிறுவர் கதை. ரப்பர் தோட்டத்துப் பாட்டி, கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளரும் பேத்தி, இருவருக்கும் நடுவே ஓர் இருவாச்சிப் பறவை. இதைப் பாட்டும் ஆட்டமுமாக ஒன்றேகால் மணி நேர இசை நாடகமாக்க வேண்டும். தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். வசனம் தயார். எட்டுப் பாட்டில் ஐந்துக்கு மெட்டும் வந்துவிட்டது. பணம்தான் வரவில்லை.

எங்கே கேட்கலாம் என்று ஆறு பேரும் ஆறு வழி சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதற்கு முன் இரண்டு நாடகத்துக்குப் பணம் திரட்டி, ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தச் சூடு இந்தக் கணக்கிலும் தெரியும்.

முதலில் செலவு. 400 இருக்கை அரங்கம், வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்: 18,000 வெள்ளி (ரிங்கிட்). இசைக் கலைஞர்களும் ஒலிப்பதிவும் 12,000. அரங்கப் பொருள், உடை, பொம்மைப் பறவை 11,000. நடிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் சன்மானம் 9,000. ஒளி, ஒலி 8,000. கதை உரிமைக்கு 2,000. சாப்பாடு, காப்புறுதி, சில்லறைச் செலவு 2,000. ஆக மொத்தம் 62,000.

வரவு? சனி, ஞாயிறில் நான்கு காட்சி, 1,600 இருக்கை. 70 விழுக்காடு நிறைந்தால் 1,120 பேர். குடும்பச் சலுகையெல்லாம் போகச் சராசரி டிக்கெட் 40 வெள்ளி. அது 44,800. துண்டு விழுவது 17,200.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 17,200 இல்லை. டிக்கெட் பணம் கடைசி இரண்டு வாரத்தில்தான் வரும். நம் சனங்களுக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்குவதென்றால் ஏதோ வாக்குக் கொடுப்பது மாதிரி. "வாசல்ல வாங்கிக்கலாம்" என்பார்கள். அரங்கத்துக்கோ ஆறு மாதம் முன்பே பாதி வாடகை கட்ட வேண்டும். தையல்காரர், பறவை செய்கிறவர், பாட்டுப் பதிவு எல்லாமே திரை தூக்குவதற்கு வெகு நாள் முன்னால் காசு கேட்கும். அதனால் ஒவ்வொரு வழியிலும் நான் கேட்டுப் பார்த்தது மூன்று: பணம் எப்போது கைக்கு வரும், பதிலுக்கு என்ன கேட்பார்கள், கொடுத்தவர் வந்து நாற்காலியில் உட்காருவாரா?

இணையத்தில் கூட்டு நிதி

எங்களில் இளையவரான தம்பி முதலில் சொன்னது இதைத்தான். கிக்ஸ்டார்ட்டர் என்றார், பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்ட உதவும் இணையத்தளம். அது 2009இல் தொடங்கியது. இலக்கை எட்டினால்தான் பணம், ஒரு வெள்ளி குறைந்தாலும் ஒன்றும் இல்லை என்பது அதன் விதி. எட்டினால் 5 விழுக்காடு அவர்களுக்கு, அட்டைக் கட்டணம் தனி. மலேசியாவில் இருந்துகொண்டு அதில் நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ ஆள் வேண்டும். பங்கு கொடுத்து நிதி திரட்டும் முறையைப் பங்குச் சந்தை ஆணையம் 2015இலேயே இங்கு முறைப்படுத்திவிட்டது. ஆசியானில் அதில் நாம்தான் முதல். ஆனால் அது நிறுவனம் வளர்ப்பவர்களுக்கு. நான்கு காட்சியோடு முடிகிற நாடகத்தில் யாருக்கு என்ன பங்கு கொடுப்பது? பாட்டி கதாபாத்திரத்தில் 3 விழுக்காடா?

பங்கு இல்லாமல் அன்பளிப்பாகத் திரட்டும் உள்ளூர்த் தளத்தில் போடலாம். அதில் எனக்குப் பகையில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை யார் பார்ப்பார்கள்? முதல் பத்து நாள் கொடுப்பவர்கள் எல்லாரும் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பவர்கள்தான். அவர்களிடம் நேரில் கேட்டாலே கொடுப்பார்கள். என் பெரியம்மாவிடம் இதை விளக்கியபோது, "இது என்னடா, புது மாதிரி கூட்டா?" என்று கேட்டார். மாதாமாதம் பத்துப் பேர் காசு போட்டு ஒருவர் எடுக்கும் கூட்டைச் சொல்கிறார். அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971இலேயே சட்டம் வந்தாயிற்று, தோட்டத்து வரிசை வீடுகளில் அது நின்றபாடில்லை. பணம் போட்டவன் ஓடிவிடுவானோ என்ற பயமும் நின்றபாடில்லை.

நம் சமூகத்துக்குக் கூட்டு நிதி புதிதில்லை என்பதும் உண்மை. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வாங்க அந்த வெள்ளி உதவியது. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டிலும் கேட்டவர் எதிரில் நின்றார், முகம் தெரிந்தது. இணையப் பக்கத்தில் அந்த முகம் கிடையாது. அதனால் முழுச் செலவையும் அதில் ஏற்றினால் நிச்சயம் கவிழும். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் கேட்டால் எடுபடலாம். எங்களுக்கு அது பறவை. மூங்கில் சட்டம், துணி இறக்கை, இரண்டு பேர் உள்ளே நின்று இயக்குவது. 6,000 வெள்ளி. படம் எடுத்துப் போடலாம், குழந்தைகளுக்குப் புரியும்.

அரசு மானியம்

2017இல் தொடங்கிய சென்டானா என்ற அரசு முகமை கலைத் துறைக்கு மானியம் தருகிறது. ஹசானா அறக்கட்டளைக்கும் கலை நிதி உண்டு. இந்திய சமூகத்துக்கென்று மித்ரா என்ற அரசுப் பிரிவு இருக்கிறது, அதன் கவனம் பெரும்பாலும் கல்வி, வருமானம், சமூக நலன் பக்கம்தான். நாடகத்தை "பள்ளிப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி" என்று எழுதிக் கொடுத்தால் நுழையலாம். எழுதுவது பொய்யும் இல்லை.

ஆனால் மானியம் என்பது மழை மாதிரி. வரும்போது நன்றாக வரும், நாம் நட்ட நாளுக்கு வராது. விண்ணப்பம் திறக்கும் காலம் ஒன்று, முடிவு சொல்லும் காலம் ஒன்று, ஒப்பந்தம், பிறகு தவணை. கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கையும் ரசீதும் கொடுத்த பிறகுதான். பதிவு பெற்ற சங்கமோ நிறுவனமோ வேண்டும். எங்களுக்கு அது இன்னும் இல்லை. சங்கப் பதிவுக்கு இப்போது போட்டால் எப்போது வரும் என்று யாரும் கை நீட்டிச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு சங்கத்தின் குடையின் கீழ்ப் போகலாம். அப்போது விளம்பரத்தட்டியில் முதல் பெயர் அவர்களுடையது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை, இயக்குநருக்கு உண்டு.

மானியத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. அவர்கள் கேட்கிற வரவு செலவுத் திட்டத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் காப்புறுதியை நாங்கள் மறந்திருந்தது தெரிந்தது. மேடையில் பத்துப் பிள்ளைகள் ஏறப் போகிறார்கள், காப்புறுதி இல்லை! விண்ணப்பம் போடுங்கள். ஆனால் வரவுப் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதாதீர்கள்.

பெரிய மனிதர்கள்

இதை வேகமாகக் கடக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. முன்பு நான் பணம் திரட்டிய நாடகத்தில், திறப்பு விழாவுக்கு வந்த ஓர் அரசியல்வாதி மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து 5,000 வெள்ளி அறிவித்தார். கைதட்டல். மறுநாள் ஆள் அளவுக்கு ஒரு மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தோம், நாளிதழிலும் வந்தது. அந்தப் பணத்தை நம்பி நான் ஒலி அமைப்பாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அட்டைக் காசோலை இன்னும் என் வீட்டுப் பொருள் அறையில் இருக்கிறது. நிஜக் காசோலை வரவே இல்லை. ஒலி அமைப்பாளருக்கு மூன்று மாதத் தவணையில் நான்தான் கட்டினேன். இப்போது யாராவது மேடையில் அறிவித்தால் கும்பிடு போடுவேன், குறிப்பேட்டில் எழுத மாட்டேன்.

பெரிய நிறுவனங்கள் வேறு கதை. அவர்களிடம் பணமும் உண்டு, முறையும் உண்டு. கலை, பண்பாட்டு நிகழ்ச்சிக்கு ஆதரவு கொடுத்தால் வருமான வரிச் சட்டம் 34(6)(கே) பிரிவின்கீழ் அந்த நிறுவனம் கழிவு கேட்கலாம். ஆனால் நிகழ்ச்சிக்கு அமைச்சின் அங்கீகாரம் வேண்டும். வரி விலக்கு ரசீது கொடுப்பதென்றால் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற ஆறு பேருக்கு இரண்டும் எட்டாத உயரம். அடுத்த நாடகத்துக்குப் பார்க்கலாம்.

விருந்து வைத்தால்?

வைக்கலாம், களைத்துப் போவோம். 30 மேசை, மேசைக்கு 1,000 வெள்ளி என்றால் 30,000. கேட்க நன்றாக இருக்கிறது. 300 பேருக்குச் சாப்பாடு தலைக்கு 60 என்றால் 18,000 போயிற்று. பாடகர், ஒலிபெருக்கி, அலங்காரம் 4,000. மிச்சம் 8,000. அதற்கு மூன்று மாதம் உழைத்தால் ஒத்திகை பார்ப்பது யார்? அன்றைக்கு அதிர்ஷ்டக் குலுக்கல் வைக்க டிக்கெட் விற்றால் அதற்கும் அனுமதி வேண்டும். நிகழ்ச்சிக்கு வந்த முகங்களே திரும்ப டிக்கெட்டும் வாங்க வேண்டும், ஒரே பசுவை இரண்டு தடவை கறப்பது மாதிரி.

"மனம்போல் கொடுங்கள்" என்று உண்டியல் வைக்கும் யோசனையும் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் அன்னலட்சுமி உணவகத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த முறைதான். அதன் பின்னால் 1981இலிருந்து இயங்கும் நுண்கலைக் கோயில் (Temple of Fine Arts) என்ற கலை அமைப்பும் சம்பளம் எதிர்பாராத தொண்டர்களும் இருக்கிறார்கள். எங்கள் வயலின்காரர் தொண்டர் இல்லை, அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பாடகரைக் கூப்பிட்டால் கூட்டம் தானாக வரும் என்றும் ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்களுக்கென்றே இருக்கும் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி, விமானம், விடுதி. வந்தவர் பாட, நம் பேத்தியும் பறவையும் ஓரமாக நிற்கும். விட்டுவிட்டோம். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தில் 2024இலிருந்து உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்குக் கேளிக்கை வரி விலக்கு வேறு இருக்கிறது. கேளிக்கை வரி மாநில விவகாரம், பினாங்கில் போடுவதென்றால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

பள்ளிகள்

இதுதான் எனக்கு முதலில் தட்டாமல் போன வழி. அரங்கம் வியாழனிலிருந்து நம் கையில். வெள்ளிக்கிழமை காலை அது சும்மா கிடக்கிறது. அன்றைக்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி போட்டால், 400 பிள்ளை, தலைக்கு 15 வெள்ளி, 6,000. கூடுதல் செலவு 1,000க்குள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்தாக வேண்டும். ஒளி, ஒலி பார்க்கிற தம்பிகளில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள், அவர்களுக்குத் தொழுகை இருக்கிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகக் கல்வி இலாகா அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், பேருந்து. பேருந்துக் கட்டணம் சில நேரம் டிக்கெட்டைவிட அதிகம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசினால் பாதி ஏற்பார்கள். தலைமையாசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கதைப் புத்தகத்தைப் புரட்டி, "பிள்ளைங்க கையில இந்தப் புத்தகம் இருக்குமா சார்?" என்று கேட்டார். அரங்கத்தைப் பற்றியோ காசைப் பற்றியோ கேட்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டிக்கெட்டோடு புத்தகத்தையும் சேர்த்து விற்கலாம். எழுத்தாளருக்கும் நன்மை.

அங்கிருந்து வந்ததுதான் "ஒரு பிள்ளைக்கு ஓர் இருக்கை". 25 வெள்ளி கொடுத்தால் ஒரு பிள்ளையின் டிக்கெட், பேருந்துப் பங்கு, ரொட்டி, தண்ணீர். இணையக் கூட்டு நிதியில் தேடியது இதில் இருக்கிறது, கூடவே நாற்காலியும் நிறைகிறது. ஒன்றைக் கவனியுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ நன்கொடை கேட்டு உண்டியல் ஏந்தினால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டும். நாங்கள் தெரிந்தவர்களிடம் இருக்கை விற்கிறோம், எண் போட்ட ரசீதோடு.

மலர்

விழா மலர் என்றாலே இளையவர்கள் சிரிக்கிறார்கள். யார் படிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். யாரும் படிப்பதில்லை, சரிதான். ஆனால் முன்கூட்டியே கையில் காசு வருகிற வழி, என் அனுபவத்தில், இது ஒன்றுதான். முழுப் பக்க விளம்பரம் 500, அரைப் பக்கம் 300, பின் அட்டை 2,000. முழுப் பக்கம் இருபது, அரைப் பக்கம் பத்து, பின் அட்டை ஒன்று பிடித்தால் 15,000. அச்சுக்கு 3,500 போக மிச்சம் 11,500. முன்பதிவின்போதே பாதி வாங்கலாம், அதுவே அரங்க முன்பணத்தில் பெரும்பகுதியை அடைத்துவிடும்.

கடைக்காரரிடம் எப்போது போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின மாதம் போனால் முகம் பார்க்க நேரமிருக்காது. தீபாவளி முடிந்த வாரம் போனால் கல்லா நிறைந்திருக்கும், மனிதர் களைத்திருப்பார், "அடுத்த வாரம் வாங்க" என்பார். இரண்டு வாரம் ஆறவிட்டு, செவ்வாய் அல்லது புதன், பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொல்வார்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடைக்கு அப்படித்தான் போனேன். முதலாளி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விலைப் பட்டியலைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"பின் அட்டை ரெண்டாயிரமா? மலரை யாரு தம்பி பார்க்குறா? அந்தப் பறவை எவ்வளவு பெருசு?"

"இறக்கை விரிச்சா எட்டடி வரும்ண்ணே."

"அப்ப இறக்கையில என் கடை பேரைப் போட்டுடு. மூவாயிரம் தரேன்."

மூவாயிரம்! அந்த இடத்தில் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். பறவையின் பாதிச் செலவு. ஆனால் எழுத்தாளர் அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: பறவையின் மேல் விளம்பரம் கூடாது. அதைச் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை, கடிதத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

இந்தக் கடிதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் பணம் கேட்டாலும் முதலில் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். கதை எழுதியவருக்கு ஓர் உரிமை, படம் வரைந்தவருக்கு வேறு உரிமை. சுவரொட்டியிலோ பொம்மையிலோ அந்தப் படத்தின் சாயல் வந்தால் ஓவியரிடமும் கேட்க வேண்டும். மறைந்தவர் புத்தகம்தானே என்று எடுக்கிறவர்களும் உண்டு. மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை காப்புரிமை, இந்தியாவில் 60. இங்கே தடையில்லாமல் ஆடிய நாடகத்தைச் சென்னைக்கு எடுத்துப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம். சினிமா மெட்டில் பாட்டுக் கட்டினால் அதற்கும் உரிமைக் கட்டணம் உண்டு. எங்கள் எட்டுப் பாட்டும் புதிது என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

சரி, எங்கள் முடிவு. மலரில் 11,500, வெள்ளிக்கிழமைக் காட்சியில் 5,000. இரண்டும் சேர்ந்து 16,500. விழுகிற துண்டில் 700 தவிர எல்லாம் அடைபடுகிறது. இணையத்தில் பறவைக்கு மட்டும் 6,000 கேட்கிறோம். வந்தால், சனி ஞாயிறு டிக்கெட் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தாங்கும். மானியத்துக்கு இன்னொரு சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் போகிறது, இயக்குநரை நான் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். விருந்து இல்லை. ஓசி டிக்கெட் காட்சிக்குப் பத்துக்கு மேல் இல்லை, யார் வீட்டுச் சம்பந்தி கேட்டாலும்.

நகைக்கடை அண்ணன் அன்றைக்கு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கல்லாவைத் திறந்து, "இருபது பிள்ளைங்களுக்கு நான் இருக்கை போடுறேன். எங்க பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துடு" என்று 500 வெள்ளியை எண்ணி வைத்தார். ரசீது எண் 0001 அவருடையது. பின் அட்டை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, 2,000 வெள்ளி.